எல்லாம் தெரிந்த பெட்டி

ஒரே செய்தியைப் பலர் பலவிதமாகச் சொல்வதைக் கேட்டு ஒப்பிடுவது என் தொழில்; கேட்டவை நாட்டார் கதைகளாக இருந்தவரை அதனால் எவருக்கும் இடையூறு நேரவில்லை. தூத்துக்குடியில் சரக்கு முகவர்களுக்கு மென்பொருள் கட்டும் நிறுவனம் ஒன்று, அம்முகவர்கள் வேலை செய்யும் முறையைக் கேட்டுப் பதிய என்னை அழைத்தது. பயனாளர் சொன்னதை நம்பி மென்பொருள் கட்டிய வாசகர்கள் மீதியை ஊகித்திருப்பார்கள்.

வரைபடம்

வடிவமைப்பாளர் முத்துலட்சுமி பொருள்நோக்கு முறையில் பயின்றவர். எதையும் தனக்கெனச் செய்தியும் செயலும் கொண்ட ஒரு பொருளாகக் காண்பது அம்முறை. அவர் வரைந்த படத்தின் நடுவில் கன்டெய்னர் என்னும் சரக்குப் பெட்டி அமர்ந்திருந்தது. தன் எடை, கதவில் பூட்டிய சீல், ஏற்றிச் செல்லும் லாரி, சுங்க அனுமதி அனைத்தும் அதற்கே தெரியும். முதல் வாடிக்கையாளரான முகவர் சவேரியார் அண்ணாச்சி படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“ஏம்மா, பெட்டிக்கே இம்புட்டு வெவரம் இருந்தா, எங்களுக்கு இங்கன என்ன சோலி?”

மூன்று பாடங்கள்

பெட்டி துறைமுகத்துக்குள் செல்லும் முறையை மூன்று அலுவலகங்களில் கேட்டுப் பதிந்தேன். ஒன்றில் எடை முதலில். மற்றொன்றில் சீல் முதலில். மூன்றாவதில் லாரி பதிவான பிறகே மற்றவை. எது மூலபாடம் என்று நிரலாளர் கணேசன் கேட்டார். மூன்றும் ஒரே கதையின் வெவ்வேறு வடிவங்களான பாடங்களே, பிழை எதுவுமில்லை என்றேன்.

முத்துலட்சுமி அதைப் பிடித்துக்கொண்டார். எடை, சீல், லாரி ஒவ்வொன்றையும் தனிப் பாகமாகப் பிரித்தார். ஒரு பாகம் எதைக் கேட்கும், எதைத் தரும் என்பது மட்டுமே உடன்படிக்கை. உள்ளே நடப்பதை மற்றவை அறிய வேண்டியதில்லை. வரிசையை அந்தந்த அலுவலகம் கோத்துக்கொள்ளலாம். எழுதியதையெல்லாம் மீண்டும் எழுத நேர்ந்த கணேசன் என்னிடம் சொன்னார்:

“யாருமே தப்பாச் சொல்லலன்னா, நாங்க எப்ப சார் வீட்டுக்குப் போறது?”

இடைச்செருகல்

அண்ணாச்சி ஒரு நிபந்தனை விதித்திருந்தார்: புதிய மென்பொருள் ஓடும் முதல் நாளில், உறைய வைத்த இறால் பெட்டி கப்பலைத் தவறவிட்டால் பழைய மென்பொருளுக்கே திரும்பிவிடுவார். முத்துலட்சுமியின் வடிவமைப்பு அத்தோடு முடியும். அன்று காலை பார்த்து லாரிக்காரர்கள் தங்கள் பதிவு முறையை மாற்றினார்கள். முத்துலட்சுமி கலங்கவில்லை, லாரிப் பாகத்தை மட்டும் கழற்றிப் புதியதைப் பொருத்தினார்.

ஆனால் சீல் பாகம் நின்றுவிட்டது. காரணம் தேடியபோது, கணேசன் உடன்படிக்கையை ஒதுக்கிவிட்டு, பழைய லாரிப் பாகத்தின் உள்ளிருந்தே வண்டி எண்ணை எடுக்கும் ஒரு வரியை சீல் பாகத்தில் எழுதியிருந்தது தெரிந்தது. ஏட்டுச் சுவடியில் யாரோ இடையில் நுழைத்த இத்தகைய வரியை இடைச்செருகல் என்போம். முத்துலட்சுமி அதை நீக்கி, எண்ணை முறைப்படி கேட்க வைத்தார். லாரி துறைமுக வாசலைக் கடந்தது. பெட்டி கப்பலேறியதும் அண்ணாச்சி தொலைபேசியில் சொன்னார்:

“பெட்டி ஏறிட்டும்மா. இனி அதுக்கு ஒண்ணும் தெரிய வேண்டாம்; கொழும்புக்கு வழி தெரிஞ்சாப் போதும்.”

எந்தப் பாடமும் பிழையன்று என்று வாழ்நாளெல்லாம் வாதாடிவந்த எனக்கு, தயங்காமல் பிழை என்று சொல்லக்கூடிய பாடம் ஒன்று கணேசனின் நிரலில்தான் கிடைத்தது.