இதில் குவைத் கேட்குமா?

1991 மார்ச் மாதம். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் டிரான்ஸ்பார்மருக்குச் செம்புக் கம்பியால் காயில் சுற்றும் வேலையில் இருந்தேன். வீடு பென்னலூரில். மாமியார், நான், எட்டு மாதக் கைக்குழந்தை. என் கணவர் குவைத்தில் ஒரு பேக்கரியில் ரொட்டி போடும் வேலைக்குப் போயிருந்தார். நான் முழுகாமல் இருக்கும்போதே விமானம் ஏறியவர்.

குழந்தை பிறந்த விஷயத்தை எழுதிப் போட்டேன். அடுத்த வாரமே அங்கே ஈராக் ராணுவம் புகுந்துவிட்டது. எங்கள் பக்கத்து ஆட்கள் பலர் பாலைவனம் தாண்டி, விமானம் பிடித்து, கட்டிய துணியோடு ஊர் வந்து சேர்ந்தார்கள். இவர் வரவில்லை. கடிதம் போய்ச் சேர்ந்ததா, தனக்கு ஒரு மகள் இருப்பது அவருக்குத் தெரியுமா, அதுவே எனக்குத் தெரியாது. சண்டை முடிந்துவிட்டது என்று செய்தியில் சொன்ன பிறகும் அங்கே டெலிபோன் எதுவும் வேலை செய்யவில்லை. வந்தவர்களை ஒவ்வொருவராகத் தேடிப்போய் விசாரிப்பேன். "பாத்தேம்மா, நல்லாத்தான் இருந்தாரு" என்பார்கள். எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டால் சண்டைக்கு முந்தின கதையாக இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனியில் பெண்களை எல்லாம் ஊட்டிக்கு டூர் கூட்டிப்போனார்கள். எனக்குப் போக மனமே இல்லை. என் மாமியார்தான் விடவில்லை.

"இன்னாத்துக்கு இப்டி சுவத்தப் பாத்துகினு குந்திகினு கீற? அவன் வர்றப்ப வருவான். கொழந்தையத் தூக்கினு போய் நாலு எடத்தப் பாத்துட்டு வா" என்று அவரே ஸ்வெட்டர் வாங்கி வந்து குழந்தைக்குப் போட்டுவிட்டார். அவர் ராத்திரியில் தலையணையைக் கடித்துக்கொண்டு அழுவது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

ஊட்டியில் பூங்கா, ஏரி எல்லாம் முடிந்து, ரேடியோ டெலஸ்கோப் பார்க்கப் போகிறோம் என்றார் எங்கள் சூப்பர்வைசர். அங்கே அவருக்குத் தெரிந்த என்ஜினியர் ஒருவர் இருந்தார். டெலஸ்கோப் என்றால் கண்ணை வைத்து நிலா பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டு போனோம். பஸ்ஸை வெகுதூரத்திலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். இஞ்சினில் எழும் தீப்பொறிகூட அதற்குத் தொந்தரவாம்.

நடந்து போய்ப் பார்த்தால், மலைச்சரிவில் மேலிருந்து கீழே வரிசையாகப் பெரிய பெரிய இரும்புச் சட்டங்கள். அரை கிலோமீட்டர் நீளம் இருக்கும். அவற்றின் மேல் மெல்லிய எஃகுக் கம்பிகளை நெருக்கமாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். எனக்குப் பிறந்த ஊர் வாலாஜாபாத். எங்கள் தெருவில் காலையில் தறிக்குப் பாவு நூலை நீட்டிக் கட்டி வைத்திருப்பது போலவே இருந்தது. என்ன, அது தட்டையாக இருக்கும், இது பள்ளமாக வளைந்திருந்தது.

குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு அந்த என்ஜினியர் வந்தார். நாற்பது வயது இருக்கும். பொறுமையாகச் சொன்னார். வானத்தில் உள்ள சிலவற்றிலிருந்து வெளிச்சம் வருவது மாதிரியே ரேடியோ அலையும் வருகிறதாம். இந்தக் கம்பிகள் அதைத் தடுத்து, எதிரே நீளவாக்கில் இருக்கும் ஏரியலின் மேல் குவித்துவிடுகின்றனவாம். பூமி சுற்றும் அச்சுக்குச் சரியாக இந்தச் சரிவு அமைந்திருப்பதால், டெலஸ்கோப்பை ஒரே பக்கமாகத் திருப்பிக்கொண்டே போனால் போதும், வானத்தில் நகர்கிற பொருளைப் பல மணி நேரம் விடாமல் தொடரலாம் என்றார்.

உள்ளே ஓர் அறையில் காகிதத்தின் மேல் ஒரு பேனா தானாக நடுங்கிக் கோடு போட்டுக்கொண்டிருந்தது.

"இதுல முக்காவாசி வெறும் இரைச்சல்தாம்மா. நமக்கு வேண்டியது அதுக்குள்ள எங்கயோ ரொம்ப லேசா இருக்கும். விடாம கேட்டு, கேட்டதை எல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு கூட்டிக்கிட்டே இருந்தா இரைச்சல் அடங்கும். நிஜமா வந்தது மட்டும் நிக்கும்."

"எவ்ளோ தூரத்துலேர்ந்து சார் வருது?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"இப்ப வர்றது அங்கிருந்து கிளம்பினப்ப, பூமியில மனுசங்களே இல்ல."

 என்னையும் அறியாமல் கேட்டுவிட்டேன்.

"சார், இதுல குவைத் கேக்குமா?"

கூட வந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். சூப்பர்வைசர் முறைத்தார். என்ஜினியர் மட்டும் சிரிக்கவில்லை.

"கேக்காதும்மா. இது மேல பாக்கிறது. பூமியில இருந்து வர்ற சத்தம் எதுவும் உள்ள வரக்கூடாதுன்னுதான் நாங்க இவ்வளவு பாடுபடறோம்" என்றவர், என் பக்கம் திரும்பி, "குவைத்துல யாரு இருக்காங்க?" என்றார்.

சொன்னேன். சொல்லச் சொல்ல அறையில் சிரிப்பு நின்றுபோனது. பக்கத்தில் இருந்த அக்கா என் இடுப்பிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டார்.

என்ஜினியர் ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டார். கோயமுத்தூரில் தனக்கு ஒரு நண்பர் இருப்பதாகவும், அவர் வீட்டிலேயே ரேடியோ நிலையம் வைத்து வெளிநாட்டில் தன்னைப் போன்றவர்களோடு பேசுகிறவர் என்றும் சொன்னார். வளைகுடாப் பக்கம் இருப்பவர்கள் மூலமாக விசாரித்துப் பார்க்கலாம், ஆனால் கிடைக்கும் என்று சொல்ல முடியாது என்றார். என் கணவரின் பெயர், பேக்கரி இருந்த இடம், எங்கள் கம்பெனி டெலிபோன் நம்பர் எல்லாம் கேட்டுக்கொண்டார். கடைசியாக, "ஆள் கிடைச்சா என்ன சொல்லட்டும்? நீளமா முடியாது. ஒரே ஒரு விஷயம்" என்றார்.

மனசில் எவ்வளவோ இருந்தது. வாயில் வந்தது இவ்வளவுதான்.

"பொண்ணு பொறந்துகீதுன்னு சொல்லுங்க சார்."

ஊருக்கு வந்த பிறகு, கம்பெனி ஆபீசில் போன் அடிக்கும்போதெல்லாம் என் கையில் கம்பி அறுந்தது. இரண்டு வாரம் போனது. மூன்றாவது வாரம், மெஷின் சத்தத்தையும் மீறிச் சூப்பர்வைசர் கத்தினார்: "ஊட்டி போன்! ஓடி வா!"

ரிசீவரைக் காதில் வைத்தால் ஒரே இரைச்சல். நடு நடுவே அந்த என்ஜினியரின் குரல்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் உயிரோட இருக்கார். கையில அடி, ஆறிடுச்சாம். அங்க வேலை செய்யற நம்ம தமிழ் ஆள் ஒருத்தர் நேர்ல போய்ப் பார்த்துட்டார். குழந்தை விஷயம் அவருக்குத் தெரியவே தெரியாதாம். சொன்னதும் அப்படியே மாவு மூட்டை மேல உக்காந்துட்டாராம். அப்புறம் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாராம். அவர் சொன்ன மாதிரியே சொல்லணும்னு ஆளாளுக்கு மாத்தாம சொல்லி அனுப்பியிருக்காங்க. 'யாரு மாரி கீது?'"

அதுவரை எனக்கு நம்பிக்கை வரவில்லை. பெயர் யாருக்கு வேண்டுமானாலும் ஒன்றாக இருக்கலாம். ஆனால் அது என் கணவர் பேசுகிற பேச்சு. எத்தனையோ வாய் மாறி, கடல் தாண்டி, அப்படியே வந்திருந்தது.

"சார், அவரு மாரியேன்னு சொல்லுங்க. நெத்தி, மூக்கு எல்லாம்" என்று கத்தினேன். லைன் அதற்குள் செத்துப் போயிருந்தது. ரிசீவரை வைக்க மனமில்லாமல், யாரும் இல்லாத அந்தப் பக்கத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம் மகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். சூப்பர்வைசர் வெளியே போய்க் கதவைச் சாத்திவிட்டார்.

என் கணவர் ஊர் வந்து சேர ஜூன் ஆகிவிட்டது. பாதி எடைதான் இருந்தார். மீனம்பாக்கத்தில் குழந்தையை நீட்டினேன். அது புது ஆளைப் பார்த்து வீரிட்டு அழுதது. தூக்காமல், தொடாமல், அவர் அதன் முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். மாமியார் இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

சில வருஷம் கழித்து, நன்றி சொல்ல வேண்டும் என்று மூவருமாக ஊட்டிக்குப் போனோம். அந்த என்ஜினியர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார். எங்கே என்று விசாரித்துக் கடிதம் போட்டோம், பதில் இல்லை. அவருடைய குரலை இன்னொரு முறை கேட்க மாட்டோமா என்ற ஏக்கம் எனக்கு இன்றும் உண்டு. ஊரே சிரித்த ஒரு கேள்விக்குப் பின்னால், அதைக் கேட்டவளுக்கு என்ன துக்கமோ என்று நினைத்துப் பார்க்க ஒரு மனிதர் அன்று அந்த அறையில் இருந்தாரே, அவரைப் போல ஒரு நாளாவது நான் யாருக்காவது இருந்திருக்கிறேனா என்று அடிக்கடி என்னையே கேட்டுக்கொள்கிறேன்.