ஆடி மாதத்தில் பிறக்க ஓர் ஆள்

எங்கள் பேரூராட்சியில் முதியோர் மன்றம் ஒன்று நடக்கிறது. அது இன்னும் நடப்பதே எனக்கு ஆச்சரியம்தான். ஏனென்றால் அதைக் காப்பாற்ற நியமிக்கப்பட்டவர்களில் நானும் ஒருவன்.

திருக்கழுக்குன்றத்தில் தாலுகா ஆபீசுக்குப் போகிற வழியில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் நாள் முழுக்கக் காகிதத்தோடு நிற்பதைப் பார்த்து ஊரில் என்னைப் படித்தவன் என்று நினைத்துவிட்டார்கள். வார்டு கவுன்சிலரம்மா முதியோர் மன்றத்துக்குக் கமிட்டி போட்டபோது தலைவராகத் தன்னையும், முதியோர் சார்பில் ஒரு ரிட்டயர்டு பஸ் கண்டக்டரையும், எழுதுகிற வேலைக்கு என்னையும் போட்டார். முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் கோபம் வந்து என் கடை வாசலில் கால்வாய் தோண்டச் சொல்லிவிடுவாரோ என்று தோன்றியது. திறந்த வாயால் சரி என்று சொல்லிவிட்டேன்.

மன்றத்துக்குக் கொடுத்த இடம் பழைய வாசகசாலை. ஒரு கூடம், இரண்டு மின்விசிறி, இருபத்தைந்து பிளாஸ்டிக் நாற்காலி. வியாழக்கிழமை தோறும் மதியம் மூன்று மணிக்குத் திறப்போம். தொடங்கிய புதிதில் வந்தவர்கள் மூன்றே பேர். அதில் ஒருவர் வந்ததும் தூங்கிவிடுவார். அவர் தூங்குகிறாரா, வேறு ஏதாவதா என்று பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை நான் போய் மூக்கருகே கை வைத்துப் பார்ப்பேன். நாலாவது வாரம் அவரும் வரவில்லை. “அந்தாளு தூங்கவே வுட மாட்றான்” என்று வெளியே சொன்னாராம்.

சித்திரையில் பேரூராட்சிச் செயல் அலுவலர் வந்து பார்த்தார். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்தவர். காலி நாற்காலிகளைப் பார்த்தார்.

“கொசு மருந்து மெஷினு, பிளீச்சிங் பவுடர் எல்லாம் வைக்க இடமில்லாம ஆபீஸ் வராண்டாவுல கிடக்கு. ஆடி ரெண்டாவது வியாழக்கிழமை வருவேன். இந்த இருபத்தஞ்சு நாற்காலியும் நிறைஞ்சிருந்தா ஹால் உங்களுக்கு. இல்லேன்னா பவுடருக்கு.”

கவுன்சிலரம்மா பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. கண்டக்டருக்குத்தான் முகம் செத்துப்போனது. அவர் வீடு ஒரே அறை. மூன்று மணிக்கு மருமகள் அதில் டியூஷன் தொடங்கிவிடுவாள். ஆறரை வரை அவர் வெளியேதான் இருக்க வேண்டும். முன்பெல்லாம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பார். சும்மா இருந்தால் பரவாயில்லை. பழைய பழக்கத்தில் விசில் கொடுத்துவிடுவார். செங்கல்பட்டு பஸ் ஒன்று பாதி ஆட்களை ஏற்றாமல் புறப்பட்டதிலிருந்து அங்கே அவரை உட்கார விடுவதில்லை. எங்கள் கூடம் வியாழக்கிழமை மட்டும் திறந்தாலும், சாவி அவரிடம் இருந்ததால் அவர் தினமும் திறந்து உட்கார்ந்துகொள்வார். இது கமிட்டிக்குத் தெரியும். தெரியாதது போல இருந்தோம்.

“தம்பி, இதுவும் பூட்ச்சினா நான் எங்க போயி குந்துறது? மலைமேல ஏறி கழுகு மாதிரி குந்தவா?” என்றார் என்னிடம். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

திட்டம் போட ஆரம்பித்தோம். முதலில் ரத்த அழுத்தம் பார்த்தோம். பன்னிரண்டு பேர் வந்தார்கள். பன்னிரண்டு பேருக்கும் அதிகம் என்று சொல்லி அனுப்பினோம். ஒருவரும் திரும்பி வரவில்லை. கெட்ட செய்தி சொல்கிற இடத்துக்கு எவன் இரண்டாம் தடவை வருவான்?

அடுத்து கவுன்சிலரம்மா, எல்லாரையும் வேனில் மாமல்லபுரம் கடற்கரைக்குக் கூட்டிப்போகலாம் என்றார். அலை வந்தால் யார் கையை யார் பிடிப்பது என்று கேட்டேன். ஆளுக்கு ஒருவர் பிடிக்கலாம் என்றார். பிடிக்கிறவர் விழுந்தால் அவரை யார் பிடிப்பது என்று கேட்டேன்.

“யோவ், கரையில நின்னு சுண்டல் துண்ணப் போறோம்யா, கப்பல்லயா போறோம்?” என்றார் கண்டக்டர்.

சுண்டல் தொண்டையில் சிக்கினால் என்ன செய்வது என்று கேட்டேன். வேன் ரத்தானது.

கடைசியில் கவுன்சிலரம்மாவின் பேத்தி படிக்கிற பள்ளியிலிருந்து ஒரு யோசனை வந்தது. அங்கே மாதா மாதம் அந்த மாதத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் சேர்த்துக் கேக் வெட்டுகிறார்களாம். அதையே பெரியவர்களுக்குச் செய்வோம். தன் பிறந்தநாள் என்றால் வராமலா இருப்பார்கள்? சொந்தக்காரர்களும் வருவார்கள். ஆடி இரண்டாவது வியாழக்கிழமை ஆடியில் பிறந்தவர்களுக்குக் கேக். நாற்காலி நிறைந்துவிடும். எனக்கே இதில் பயப்பட எதுவும் தென்படவில்லை. மெழுகுவத்தியை மட்டும் வேண்டாம் என்றேன்.

ஆதார் நகலோடு வந்து பெயர் கொடுக்கச் சொன்னோம். நாற்பது பேர் கொடுத்தார்கள். ராத்திரிக் கடையடைக்கும் முன்னால் மாதவாரியாகப் பிரிக்க உட்கார்ந்தேன். முதல் அட்டை ஜனவரி ஒன்று. இரண்டாவதும் ஜனவரி ஒன்று. மூன்றாவதைப் பார்த்ததும் மெஷின்தான் ஒரே அட்டையைத் திரும்பத் திரும்ப நகல் எடுத்துவிட்டதோ என்று பயந்து, எழுந்துபோய் அதைத் தட்டிப் பார்த்தேன். மெஷின் மேல் தப்பில்லை. எவனுக்கும் பிறந்த தேதி தெரியாது. எழுதிக்கொண்டவர்கள் வருஷத்தின் முதல் தேதியைப் போட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடம் போனவர்களுக்கெல்லாம் ஜூன் ஒன்று, வாத்தியார் போட்டது. நாற்பது பேரில் ஆடியில் பிறந்தவர் ஒருவர்கூட இல்லை.

அடுத்த வியாழக்கிழமை எல்லாரையும் வரவழைத்து, அட்டையை விடுங்கள், வீட்டில் சொன்னதை வைத்து உங்கள் நிஜமான மாதத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டோம். ஒருவர், எங்கள் மலைக்கோயிலில் தினமும் சோறு வாங்க வருகிற கழுகு வராமல் போன நாளில் பிறந்தவர். இன்னொருவர் ஏரி உடைந்த மறுவாரம். ஆனால் மாதம் என்று வந்தபோது எல்லாருமாகச் சேர்ந்து தை, பங்குனி, ஆவணி மூன்றையும் பங்குபோட்டுக்கொண்டார்கள். ஆடியில் எங்கள் பக்கம் நல்ல காரியம் எதையும் தொடங்குவதில்லை. பிறப்பதும் அதில் சேர்த்தி போலிருக்கிறது.

“ஒரே ஒருத்தர் ஆடிக்கு வாங்களேன்” என்று கவுன்சிலரம்மா கெஞ்சினார். “கேக்கு அரை கிலோ கூட வாங்கித் தர்றேன்.”

“நீயே பொறந்துக்கோ தாயி” என்றது பின்வரிசை.

அப்போதுதான் கண்டக்டர் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். கோயில் வாசலில் பூ விற்கிற அம்மா பெயர் கொடுத்திருந்தார். அன்றைக்கு முகூர்த்த நாள் என்பதால் வரவில்லை.

“பூக்காரம்மா ஆடிலதான் பொறந்துச்சு. எனக்கு நல்லாத் தெரியும்” என்றார் கண்டக்டர்.

“எப்பிடிண்ணா தெரியும்?” என்றேன்.

“அது இங்க இல்லல்ல?”

முப்பத்தொன்பது பேரும் கையைத் தூக்கி அதை ஏற்றுக்கொண்டார்கள். எங்கள் மன்றத்தில் அதுவரை நிறைவேறிய ஒரே ஏகமனதான தீர்மானம் அதுதான்.

பிறந்தநாள் என்றால் ஃபிளெக்ஸ் வைக்காமல் முடியுமா? செங்கல்பட்டில் ஃபிளெக்ஸ் அடிக்கிறவருக்கு பூக்காரம்மாவின் ஆதார் நகலைப் போனில் அனுப்பினேன். அது ஜெராக்ஸ், ஆகவே கறுப்பு வெள்ளை. ஆதார் படம் என்பதால் முகம் எதையோ பார்த்துத் திடுக்கிட்ட மாதிரி இருக்கும். அவர் அதைப் பெரிதாக்கிச் சுற்றிலும் பூ வளையம் போட்டு, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்து, கீழே கவுன்சிலரம்மா கண்களைத் தாழ்த்திக் கும்பிடுகிற படத்தைச் சேர்த்து அனுப்பிவிட்டார். கவுன்சிலரம்மாவின் கும்பிடு ஒன்றுதான். காதுகுத்துக்கும் அதுதான், கருமாதிக்கும் அதுதான். அம்மாவின் பெயர், வயது எழுபது, வியாழக்கிழமை மூன்று மணி, வாசகசாலை எல்லாம் பெரிய எழுத்தில் இருந்தன. ‘பிறந்தநாள் வாழ்த்து’ என்பதும் இருந்தது, விளக்குத் திரிக்குப் பக்கத்தில், பொடி எழுத்தில். எனக்குக் கொஞ்சம் கவலையாகத்தான் இருந்தது. ஃபிளெக்ஸ் காற்றில் விழுந்து யார் தலையிலாவது படுமே என்று. புதன்கிழமை மாலை பஸ் ஸ்டாண்டில் இரட்டைக் கயிறு போட்டுக் கட்டினேன். பூக்காரம்மாவிடம் யாராவது சொல்லியிருப்பார்கள் என்று இருந்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலை பூக்காரம்மாவுக்கு நல்ல வியாபாரம். ஆடி மாதத்தில், வாரநாளில், சாமந்தி மாலையாகக் கேட்டு ஆள் வந்துகொண்டே இருந்தது. எல்லாம் ஃபிளெக்ஸை யாரோ போனில் படம் பிடித்து அனுப்பியதைப் பார்த்து சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள், அவருடைய சம்பந்தி வகையறாவில் அவரை நேரில் பார்த்திராதவர்கள். நாலாவது மாலையைக் கட்டி முடிச்சுப் போட்டுக் கையில் கொடுத்துவிட்டுத்தான் கேட்டாராம்.

“ஆருக்குபா மாலை? பெரிய கையா?”

“இங்க பூ விக்கிற அம்மாவாம். பாவம், நேத்து பூட்ச்சாம். போஸ்டர் கட்டிகீறாங்களே, பாக்கல நீங்க?”

இது எதுவும் தெரியாமல் நான் இரண்டரை மணிக்குக் கேக்கோடு வாசகசாலைக்குப் போனேன். நாற்காலிகள் எல்லாம் நிறைந்திருந்தன. எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. பார்த்தால் அவர்களுக்கும் கண் கலங்கியிருந்தது. ஒருவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “எப்பிடி ஆச்சு?” என்றார். “செங்கல்பட்டுல சொல்லி அடிச்சோம்” என்றேன் பெருமையாக. அவர் கையை உதறிவிட்டு இரண்டடி பின்னால் போனார்.

கண்டக்டர் வாசலில் நின்று, நாற்காலி இல்லாதவர்களை, “உள்ள போ, உள்ள போ, நடுவுல எடம் கீது பார்” என்று நகர்த்திக்கொண்டிருந்தார். பல வருஷத்துக்குப் பிறகு அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். யார் எதற்கு அழுகிறார்கள் என்று அவர் கவலைப்படவில்லை. ஆள் நிறைந்தால் சரி.

சரியாக மூன்று மணிக்குச் செயல் அலுவலர் வந்தார். அவருக்கு இரண்டு நிமிடம் பின்னால், இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு பூக்காரம்மா வந்தார்.

கூடத்தில் ஒரு கூச்சல். முன்வரிசையில் ஒரு பெண் கையிலிருந்த மாலையைக் கீழே போட்டுவிட்டு நாற்காலி மேல் ஏறிக்கொண்டாள்.

“எங்கடா அந்த ஜெராக்ஸு?”

நான் கேக் மேசைக்குப் பின்னால் இருந்தேன்.

“உயிரோட கீறவள மாலை போட்டு அனுப்பப் பாத்தியே, நீ வெளங்குவியா? அதுகூடப் போவட்டும். எழுபதுன்னு போட்டுகீறியே, யார்ரா உனக்குச் சொன்னது?”

“ஆதார்ல இருக்குதும்மா” என்றேன்.

“எனக்கு அறுவத்தாறு! சங்கு தீர்த்தத்துல சங்கு பொறந்த மறுநாள் பொறந்தவ நானு. எங்க ஆயி சத்தியம் பண்ணிச் சொல்லிகீது.”

எங்கள் ஊர்க் குளத்தில் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் சங்கு பிறக்கும். வாசலிலிருந்த கண்டக்டர் கூரையைப் பார்த்து, விரலை மடக்கினார்.

“போன தபா சங்கு வந்ததுலேந்து பின்னாலயே போனா, ஒண்ணு அறுவத்தொண்ணு வரும், இல்லாங்காட்டி எழுவத்திமூணு. நடுவுல ஸ்டாப்பிங் கெடையாது.”

“அப்ப அறுவத்தொண்ணு வெச்சிக்க” என்றார் பூக்காரம்மா உடனே.

“உன் மூத்த புள்ளைக்கு அம்பத்திரண்டு. ஒம்போது வயசுலயா பெத்த?”

கூடமே சிரித்தது. துக்கத்துக்கு வந்தவர்களும் சிரித்தார்கள்.

“அப்ப அது வேற சங்கு” என்றார் பூக்காரம்மா.

“வேற சங்கு ஏது?”

“நீ பாத்தியா? நீ அன்னிக்கு பஸ்ல இருந்த.”

“நான் அப்ப பொறக்கவே இல்லியே!”

“அப்ப நீ ஏன் பேசுற?”

இதற்குள் ஏரி உடைந்த மறுவாரம் பிறந்தவர் எழுந்து, சங்குக் கணக்கே தப்பு, ஒரு தடவை அது தள்ளி வந்தது என்றார். கழுகு வராத நாளில் பிறந்தவர் அவரை உட்காரச் சொன்னார். கழுகு வராத நாளே அந்தக் காலத்தில் கிடையாது, நீ பிறந்ததே சந்தேகம் என்று அவருக்கு ஒரு பதில் வந்தது. சத்தம் கேட்டுத் தெருவில் போனவர்கள் ஜன்னலில் சேர்ந்தார்கள். ரத்த அழுத்தத்துக்கு வந்து ஓடிப்போன பன்னிரண்டு பேரில் ஏழு பேரை நான் அங்கே பார்த்தேன். தூங்கவிடவில்லை என்று போனவரும் இருந்தார், முழு விழிப்போடு.

பூக்காரம்மா செயல் அலுவலர் பக்கம் திரும்பினார். “நீதான ஆபீசரு? நீ சொல்லு. என் வயசு இன்னா?”

“நான் எப்படிம்மா அதை முடிவு பண்றது?”

“அப்ப முடிவாவுற வரைக்கும் நான் இங்கேந்து எழுந்திருக்க மாட்டேன்” என்று நாற்காலி மேல் ஏறியிருந்த பெண்ணை இறக்கிவிட்டு அதில் உட்கார்ந்தார். பிறகு கீழே கிடந்த மாலையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். “இது என் கட்டு இல்ல. எதிர்க்கடையில வாங்கினியா? என் சாவுக்கு அவன்கிட்டயா வாங்குன?”

கூட்டம் கலைய ஆறரை ஆனது. வயது முடிவாகவில்லை. கேக்கைச் சம்பந்தி வகையறா சாப்பிட்டது. செயல் அலுவலர் முழு நேரமும் சுவரோடு நின்றிருந்தார், உட்கார இடமில்லாததால். போகும்போது வருகைப் பதிவேட்டைக் கேட்டார். என்ன எழுதப்போகிறாரோ என்று அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். ‘நிகழ்ச்சி: வயது விசாரணை. தொடரலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த வாரம் பிளீச்சிங் பவுடர் வரவில்லை. பத்து நாற்காலி வந்தது.

அதற்குப் பிறகு வியாழக்கிழமைகளில் எங்களுக்கு வேறு திட்டமே தேவைப்படவில்லை. ஒவ்வொருவரின் வயதாக எடுத்து விசாரிக்கிறார்கள். சாட்சிகள் வருகிறார்கள். கண்டக்டர் நடுவர், கூச்சல் மிஞ்சினால் விசில் அடிப்பார். பூக்காரம்மாவின் வழக்கு இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது. முந்தாநாள் அவருடைய மகன் பரணைச் சுத்தம் செய்தபோது பழைய தகரப்பெட்டியில் ஒரு ஜாதகம் கிடைத்ததாம். நகல் எடுக்க நேற்று என் கடைக்குத்தான் கொண்டுவந்தார். அதில் வருஷம், மாதம், நட்சத்திரம் எல்லாம் தெளிவாக இருந்தது. இது தெரிந்துபோனால் விசாரணை என்ன ஆவது? கண்டக்டர் எங்கே போய் உட்காருவார்?

மெஷின் ரிப்பேர் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஊரில் வேறு இரண்டு ஜெராக்ஸ் கடை இருக்கிறது என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. நேற்றிலிருந்து தூக்கமில்லை.