திங்கள்கிழமை வரை

இது என் தங்கைக்கு நடந்தது. பட்டப்பகலில் நடந்தது. கும்மிருட்டும் நாய் ஊளையும் இருந்தால்தான் பேய் என்று நம்புகிறவர்கள் இத்தோடு எழுந்து போகலாம். பாதியை அவள் வாயால் கேட்டேன். மீதியை என் கண்ணாலேயே பார்த்தேன். ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை.

என் தங்கை ஒரு நிதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருந்தவள். வேலையில் கெட்டிக்காரி. கோபம் மட்டும் மூக்குக்கு மேல். நிறுவனத்தை மூடிவிட்டார்கள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள், மூன்றாவது மாடியில் தனியாக ஒரு சின்ன வீடு. நான் அடுத்த தெரு. ஒரு நாள் அவளோடு சண்டை போடவில்லை என்றால் எனக்குச் சோறு இறங்காது.

வேலை போனதுகூட அவளை அவ்வளவு எரிக்கவில்லை. வேலை தருகிறேன் என்று போன் பண்ணுகிறவர்கள்தான் எரித்தார்கள். சொல்லாமல் கொள்ளாமல் கூப்பிடுவார்கள். எடுத்த எடுப்பிலேயே இன்டர்வியூ. ஒருத்தன் அவள் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகும்போது கூப்பிட்டான். இன்னொருத்தன் கூப்பிட்டபோது பல் டாக்டர் ஊசி போட்டு அவள் பாதி வாய் மரத்துக் கிடந்தது. கடன் திரும்பி வராமல் போகிற ஆபத்து பற்றி விளக்கச் சொன்னானாம். விளக்கினாளாம். "மேடம், குடிச்சிருக்கீங்களா?" என்றானாம்.

அன்றைக்கு அவள் கத்திய கத்தலில் அந்த டாக்டரே பயந்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஒரு ஏற்பாடு செய்தாள். ஜன்னல் ஓரம், சிக்னல் நன்றாக வரும் இடத்தில் மேசை. விண்ணப்பித்த கம்பெனி ஒவ்வொன்றின் விவரமும் தனித்தனித் தாளில். பேனா, தண்ணீர். சுவரில் கொட்டை எழுத்தில்: 'பேர் கேள். கம்பெனி கேள். பத்து நிமிஷம் கேள். நீயே திரும்பக் கூப்பிடு.'

"என்னடி, போருக்கா போறே?" என்றேன்.

"இனிமே எவனும் என்னை அசந்த நேரத்துல பிடிக்க முடியாது அக்கா" என்றாள்.

அன்று மதியம் ஸ்டூல் மேல் ஏறி ஃபேனைத் துடைத்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. திரையில் நம்பர் இல்லை. வெற்றாக இருந்தது. இறங்கி, ஈரக் கையோடு எடுத்தாள்.

மறுமுனையில் மூச்சு. பிறகு ஒரு பெண் குரல்.

"எடுத்துட்டீங்க..."

அப்படித்தான் ஆரம்பித்தது. ஆச்சரியப்பட்ட மாதிரி.

"யார் பேசறது?"

"அக்கவுண்ட்ஸ் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தீங்களே..." கம்பெனி பேரைச் சொன்னது. சரிதான். மேசையில் தாள் இருந்தது.

"மேடம், ஒரு பத்து நிமிஷம் குடுத்தீங்கன்னா நானே கூப்பிடறேன்."

"வெக்காதீங்க." குரல் பதறியது. "வெச்சா மறுபடி எடுக்க மாட்டாங்க."

தங்கைக்குச் சுள்ளென்று ஏறியது. அடக்கிக்கொண்டாள். வேலை வேண்டுமே. உட்கார்ந்தாள்.

கேள்விகள் நல்ல கேள்விகள். வங்கிக் கணக்கும் நம் கணக்கும் ஒத்துவரவில்லை என்றால் முதலில் எங்கே கை வைப்பீர்கள்? வருஷக் கடைசியில் மேலதிகாரி ஒரு செலவை மறைக்கச் சொன்னால்? இத்தனை மாதத்தில் தொழில் தெரிந்த ஒருத்தி இப்போதுதான் பேசுகிறாள் என்று தங்கைக்கு உற்சாகமே வந்துவிட்டது. தொண்டை வறண்ட குரல். ஒவ்வொரு பதிலுக்கும், "ம்... மேல சொல்லுங்க."

பின்னால் ஒரு சத்தம் மட்டும் இருந்தது.

டக்... டக்... டக்...

யாரோ பக்கத்தில் எதையோ தட்டுகிறார்கள் என்று நினைத்தாள். ஆனால் வேறு சத்தமே இல்லை. பேச்சில்லை. நாற்காலி நகரவில்லை. மதிய நேரத்தில் ஓர் ஆபீஸ் அவ்வளவு அமைதியாகவா இருக்கும்?

"அங்க வெளிச்சம் இருக்கா?" என்றது குரல்.

"என்ன மேடம்?"

"இங்க லைட்டை அணைச்சிட்டுப் போயிட்டாங்க."

தங்கை ஜன்னலைப் பார்த்தாள். வெளியே கண் கூசும் வெயில்.

"இன்னிக்கு என்ன கிழமை?"

"வியாழன்."

டக்... டக்...

"திங்கக்கிழமை வர இன்னும் நாள் இருக்கு" என்றது குரல். தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி. பிறகு கேட்டது. "நீங்க ஒரு நாள் வீட்டுக்கு வரலைன்னா யார் தேடுவாங்க?"

"இது என்ன கேள்வி?"

"எத்தனை நாள் கழிச்சுத் தேடுவாங்க?"

அவ்வளவுதான். அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்தது.

"உங்களுக்கெல்லாம் வேலை கேக்கறவன்னா இளக்காரமா? தனியா இருக்கேன்னா எதை வேணா கேப்பீங்களா? எனக்கு அக்கா இருக்கா. அன்னிக்கே வருவா. கதவை உடைச்சுட்டு வருவா!"

மறுமுனையில் நீண்ட மூச்சு.

"அப்படின்னா... நீங்க இங்க வராதீங்க."

தங்கை லைனைத் துண்டித்தாள்.

டக்... டக்...

மறுபடி அழுத்தினாள். திரை கறுத்தது.

டக்...

சத்தம் நிற்கவில்லை.

கட்டிலில் எறிந்தாள். தலையணையைப் போட்டு அமுக்கினாள்.

டக்...

டக்...

நின்றது.

உடனே போன் மணி அடித்தது. இந்த முறை நம்பர் தெரிந்தது. எடுத்த எடுப்பில், "யாருய்யா நீ?" என்றாள்.

அதே கம்பெனி. ஹெச்.ஆர். இளைஞன் ஒருவன். "மேடம், அக்கவுண்ட்ஸ் வேலை விஷயமா ரெண்டு நிமிஷம் பேசலாமா?"

"இப்பதானே உங்க மேடம் பேசினாங்க!"

"எங்க சைடுலேர்ந்து இன்னும் யாரும் கூப்பிடலையே..."

"வறண்ட குரல். 'ம், மேல சொல்லுங்க'ன்னு ஒவ்வொரு பதிலுக்கும்..."

கேட்க வந்ததை அவன் கேட்கவே இல்லை. "நாளைக்கு நேர்ல வாங்க மேடம்" என்றான். குரல் நடுங்கியது.

அன்று சாயங்காலம் அவளைப் பார்த்தபோது எல்லாவற்றையும் என்னிடம் கொட்டினாள். பயத்தைவிட ஆத்திரம்தான் பெரிதாக இருந்தது. "எவளோ விளையாடறா. நேர்ல போய் நாலு வார்த்தை கேக்காம விட மாட்டேன்." தனியாக விட மனமில்லை. மறுநாள் நானும் கூடப் போனேன்.

பளபளப்பான ஆபீஸ். வரிசையாக மேசைகள். கடைசி மேசைக்கு மட்டும் நாற்காலி இல்லை. பக்கத்து மேசைக்காரர்கள் தங்கள் மேசையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டிருந்தார்கள். ஒரு கை அகலம்தான். கார்ப்பெட்டில் பழைய தடம் தெரிந்தது.

மேனேஜர் சிரித்த முகக்காரர். "யாரோ கிண்டல் பண்ணியிருப்பாங்க. மறந்துடுங்க" என்றார்.

"இந்த வேலையில முன்னாடி இருந்தவங்க எங்கே?" தங்கை கேட்டாள்.

"சொந்தக் காரணத்துக்காக விட்டுட்டாங்க."

மேனேஜர் எழுந்து எங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டார். வெளியே வந்தோம். மாடிப்படியில் இறங்கும்போது அந்த ஹெச்.ஆர். பையன் பின்னாலேயே ஓடி வந்தான். சட்டைக் காலர் வேர்வையில் நனைந்திருந்தது.

"வேலையை விடலை மேடம். அந்த மேசையிலேயே இறந்துட்டாங்க. வருஷக் கணக்கு முடிக்கணும்னு வெள்ளிக்கிழமை ராத்திரி தனியா இருந்தாங்க. திங்கக்கிழமை காலையில நாங்க வந்துதான் பார்த்தோம். தனி ஆள். வீட்டுல தேட யாருமில்லை. அதுக்கப்புறம் அந்த மேசையில உட்கார யாரும் ஒத்துக்கலை."

நான் கைப்பிடியைப் பற்றிக்கொண்டேன். தங்கை பற்றவில்லை. திரும்பினாள். இரண்டிரண்டு படியாக ஏறினாள். கதவைத் தள்ளிய வேகத்தில் ஹாலில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

"சொந்தக் காரணமா?" அவள் குரல் அந்த ஹாலையே ஆட்டியது. "ஒரு மனுஷி மூணு நாள் இங்க கிடந்திருக்கா. சொந்தக் காரணமா அது?"

மேனேஜர் முகத்தில் சிரிப்பு கழன்றது. "மேடம், சத்தம் போடாதீங்க. மாரடைப்பு. ஒரு நொடியில போயிடுச்சு. யாரும் எதுவும் பண்ணியிருக்க முடியாது."

"இல்லை சார்."

வாசலில் நின்ற பையன்தான்.

"ஒரு நொடியில போகலை. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துடுச்சு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரைக்கும் உயிர் இருந்ததுன்னு டாக்டர் சொன்னாரு. மேசைக் காலைப் பேனாவால தட்டிட்டே இருந்திருக்காங்க. வாட்ச்மேனுக்கே கேட்டிருக்கு. ஏ.சி. சத்தம்னு நினைச்சிருக்காரு. கடைசியா பேசின நம்பரையே அழுத்திட்டிருந்தாங்க. அது உங்க நம்பர் சார். லீவு நாள்னு நீங்க எடுக்கலை."

மேனேஜர் கையிலிருந்த போனைச் சட்டைப் பைக்குள் ஒளித்தார். பக்கத்து மேசைப் பெண் முகத்தைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

தங்கை அந்தக் கடைசி மேசைக்குப் போனாள். அதன் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். மேனேஜரை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை என் எதிரிக்கும் கிடைக்க வேண்டாம்.

பையன் அன்றே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு எங்களோடு இறங்கினான். தெருமுனை வரை மூவரும் நடந்தோம். பஸ் வந்தபோதுதான் தங்கை கேட்டாள்.

"அவங்க போன் இப்ப யார்கிட்ட இருக்கு?"

"யார்கிட்டயும் இல்லை மேடம். வாங்கிக்க ஆள் வரலை. போலீஸ் ஸ்டேஷன் அலமாரியிலதான் கிடக்கு. ரெண்டு வருஷமா... ஆஃப்லயே."