மடைக்கு எட்டாத தண்ணீர்

முத்துக்கருப்பனுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அதுதான் அவரைக் கெடுத்தது.

அவருக்கு எம். புதுப்பட்டிக்குப் பக்கத்து ஊர். கண்மாய்க்கு நேர் கீழே அறுபது சென்ட் நிலம். மடையைத் திறந்தால் தண்ணீர் நேரே அவர் வயலுக்குத்தான். ஆனால் கண்மாய் பெருகி வருசக்கணக்காகிவிட்டது. புருஷனும் பெண்டாட்டியும் பட்டாசுக் கம்பெனிக்குப் போய்த்தான் கஞ்சி குடித்தார்கள். போன வருசம் பக்கத்து அறை வெடித்ததில் மனைவி வள்ளித்தாயின் இடது கை வெந்துபோனது.

"ஒரு தடவ கண்மா பெருகட்டும். நெல்லப் போட்டுருவோம். அப்புறம் நீ கம்பெனிப் பக்கமே போக வேணாம்" என்று அவளிடம் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நாட்களை ஓட்டினாள்.

கோடையில் ஆளுங்கட்சிக்காரர் கனகசபாபதி வீடு தேடி வந்தார். "அண்ணே, கண்மாயில வண்டல் அள்ள அனுமதி தாராக. பட்டா நகலக் குடுத்து இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. ரெண்டு டிராக்டர் ஒங்க நெலத்துக்கே வந்துரும்." முத்துக்கருப்பனுக்கு வாயெல்லாம் பல்.

இரண்டு டிராக்டர் வந்தது. அதன்பிறகு வந்ததெல்லாம் லாரி. வண்டல் தீர்ந்து, அடியிலிருந்த சவுடு மண்ணும் தீர்ந்து, பாறை தெரியும்வரை தோண்டி, லோடு லோடாகச் செங்கல் சூளைக்குப் போனது. அளக்க வந்த அதிகாரி காரைவிட்டு இறங்கவே இல்லை. மூன்றடி ஆழம் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அவருக்குச் சேரவேண்டியது முன்பே சேர்ந்திருந்தது.

வயிறு எரிந்துபோய், முத்துக்கருப்பன் ஒரு திங்கட்கிழமை மனுவோடு சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்குப் போனார். எழுத்தர் கோப்பைப் புரட்டினார்.

"மண்ணள்ள அனுமதி கேட்டதே நீங்கதான?"

முதல் தாளிலேயே அவருடைய கையெழுத்து.

"ரெண்டு டிராக்டருக்குத்தானய்யா போட்டேன்."

"அம்புட்டு லோடும் ஒங்க பேர்லதான் போயிருக்கு."

வீட்டுக்கு வந்து, "மனுவ வாங்கிக்கிட்டாக" என்று மட்டும் சொன்னார்.

ஐப்பசியில் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஊரே கரைக்கு ஓடியது. முத்துக்கருப்பன் மடையைத் திறந்தார். சொட்டுத் தண்ணீர் வரவில்லை. பெய்த மழையெல்லாம் அந்தப் பள்ளத்துக்கே போதவில்லை. மடைக்கு இருபதடி கீழே தண்ணீர் சும்மா கிடந்தது. கரையிலேயே உட்கார்ந்து அழுதார். பாவம், வேறு என்ன செய்வார்?

தீபாவளி முடிந்து கம்பெனி திறந்த அன்று வள்ளித்தாய் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வேனுக்குக் கிளம்பினாள். அவர் தலைகுனிந்து நின்றார்.

"விடுங்க. இதுக்கு நீங்க என்ன செய்வீக? நீங்களா தோண்டுனீக?" என்றாள்.

கோப்பில் அப்படித்தான் இருக்கிறது என்று அவளிடம் அவர் இன்னும் சொல்லவில்லை.