டீசல்ல கழுவின கம்ப்யூட்டர்

நம்பறவங்க நம்புங்க, நம்பாதவங்க போங்க. நான் யாரு கையையும் புடிச்சு இழுத்து நம்ப வெக்கப் போறதில்ல. என் பேரு ஐரீன். வூடு திருவொத்தியூர் குப்பத்துல, மாதா செல வெச்ச கெபிக்குப் பின்னாடி. வந்து கேட்டீங்கன்னா அந்த ரூமையே காட்டுவேன். இது எனக்கு நடந்துச்சு. அதுவும் சாமத்துல இல்ல, வெளிச்சம் இருக்க சொல்லோ நடந்துச்சு.

எங்க வூட்டுக்காரரு தாமஸ், ஹார்பர்ல சரக்குத் தூக்கற விஞ்ச் ஓட்டினவரு. கோயில்ல பாடறவரு. தவக்காலம் வந்தா ஏசுவோட பாடுகளப் பத்தின பாட்டுங்களப் பாட எங்க பங்குக் கோயில்ல அவர உட்டா ஆளு கெடையாது. புதுசா பாட வர்ற பசங்க கேட்டுக் கத்துக்கணும்னு, வருஷா வருஷம் வூட்டுக் கம்ப்யூட்டர்ல பாடிப் பதிஞ்சு வெப்பாரு. உள் ரூம்ல உக்காந்துகினு, ஹெட்போன மாட்டிகினு, அதுல நீட்டிகினு இருக்கற மைக்க நகத்தால தட்டுவாரு. டக்… டக்… டக். தொண்டையக் கனைப்பாரு. அப்பால அங்கருந்தே ஒரு கொரல் குடுப்பாரு.

"ஐரீன், கதவ சாத்து."

எனக்குப் பத்திகினு வரும். கொழம்பு கொதிக்கற சத்தம் கூட பாட்டுல வந்துடுமாம். இவரு பெரிய பாகவதரு, நான் என் வூட்லயே மூச்சு உடாம நிக்கணும். திட்டிகினே போயி சாத்துவேன். அந்தக் கம்ப்யூட்டர் வாங்கின நாள்ல இருந்து இதே கதைதான்.

ஒரு நாள் டூட்டிக்குப் போனவரு, நெஞ்சு அடைச்சு அங்கயே பூட்டாரு.

கடைசி வரிக்கும் பட்டன் போன்தான் வெச்சிருந்தாரு. அதுல வீடியோவும் கெடையாது, வாய்ஸ் மெசேஜும் கெடையாது. மொகத்துக்கு போட்டோ கீது, கல்யாண ஆல்பம் கீது. கொரலுக்கு அந்தக் கம்ப்யூட்டர் மட்டும்தான். நான் அதப் போட்டுக் கேக்கல. கேட்டா தாங்க மாட்டேன்னு தள்ளித் தள்ளி வெச்சேன். இருக்கத்தான் போவுது, எங்க ஓடிடப் போவுதுன்னு நெனச்சேன்.

டிசம்பர் புயல்ல வூட்டுக்குள்ள தண்ணி வந்துச்சு. வெறும் தண்ணியா இருந்தா பரவால்ல. கம்பெனிங்கள்ல இருந்து கசிஞ்ச எண்ணெ மெதந்த தண்ணி. கருப்பா, கலீஜா, மூக்க பொளக்கற நாத்தம். கம்ப்யூட்டர் பெட்டி தரையில இருந்துச்சு, மொத்தமா முழுவிப் போச்சு.

அவரு தம்பி இக்னேஷியஸ் காசிமேட்ல போட் இஞ்சின் மெக்கானிக். தண்ணி வடிஞ்ச அன்னிக்கே ஓடியாந்தான். கடல்ல முழுவின இஞ்சினுக்கு இன்னா செய்வாங்களோ அதையே செஞ்சான். பெட்டியப் பிரிச்சு நல்ல தண்ணில கழுவினான். அப்பால டீசல ஊத்தி அலசு அலசுன்னு அலசி, மொட்ட மாடில வெயில்ல வெச்சான். இஞ்சினுக்கு அதான் வைத்தியம், துரு புடிக்காது. கம்ப்யூட்டருக்கு ஆவாதுன்னு அவனுக்கும் தெரியல, எனக்கும் தெரியல. அண்ணன் கொரலக் காப்பாத்தறோம்னு நெனச்சுகினு அழுதுகினே கழுவினான். அவன நான் ஒரு வார்த்த சொல்லல.

ப்ளக்கப் போட்டா ஒண்ணும் வரல. உள்ள இருக்கற ஃபேன் கூட சுத்தல.

எம் பொண்ணு சாரா வண்ணாரப்பேட்டைல துணிக்கடைல வேல செய்யறா. அவ கடைக்கு மேல தஹ்சீன்னு ஒரு பொண்ணு, செத்துப் போன கம்ப்யூட்டர்ல இருந்து போட்டோ, பாட்டெல்லாம் மீட்டுக் குடுக்குதாம். ஹார்ட் டிஸ்க்க மட்டும் கழட்டிக் கொண்டாங்கன்னு சொல்லிச்சாம். சாரா கழட்டினா. சோப்பு டப்பா அளவுதான் இருந்துச்சு. அப்பா பாடினது மொத்தமும் இதுக்குள்ளதாம்மா கீதுன்னு சொல்லி, துணில சுத்தி எடுத்துகினு போனா. மிச்சம் வெறும் தகரப் பெட்டி. அத மேச மேல வெச்சு, என் பழைய சேலையப் போத்தி உட்டேன்.

அப்பதான் எனக்கு ஒண்ணு ஒறச்சுது. அவரு கொரல் எனக்கு மறந்துகினு வருது. "ஐரீன்"னு கூப்டுவாரே, அத நெனச்சுப் பாத்தா என் கொரல்லதான் கேக்குது. அன்னிக்கு நான் அழுத அழுக எனக்குத்தான் தெரியும். மாதாவே, பாட்டு கூட வேணாம், ஒரே ஒரு வாட்டி அவரு பேசறதக் கேக்கணும்னு வேண்டிகினேன்.

அதுக்கப்பறம் சின்னச் சின்னதா ஆரமிச்சுது. வெள்ளத்துல நாசமான அந்த ஹெட்போன சாரா குப்பைக் கவர்ல போட்டு வெச்சிருந்தா. ஒரு நாள் பாக்கறேன், உள் ரூம் செவுத்துல அவரு எப்பவும் மாட்டற ஆணில தொங்குது. நான் இல்லம்மான்னா சாரா. நானும் இல்ல. பெட்டிய அலசி ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு, ஆனா உள் ரூமத் தாண்டிப் போனா டீசல் வாட இப்ப ஊத்தின மாதிரி குப்புனு அடிக்கும்.

தவக்காலத்துல ஒரு வெள்ளிக்கிழம. சாரா வேல முடிஞ்சு நேரா கோயிலுக்கு, சிலுவைப் பாதைக்குப் போயிட்டா. எனக்கு முட்டி வலி. வூட்லயே உக்காந்து ஜெபமால சொல்லிகினு இருந்தேன்.

சாயங்காலம் அஞ்சே முக்கால். கரண்ட் போச்சு. தெருவுக்கே போச்சு.

தலைக்கு மேல ஃபேன் மெதுவா நின்னுச்சு. அப்பால கடல் சத்தம் மட்டும்.

அப்பால… இன்னொரு சத்தம்.

ஊஊஊ…

எனக்குத் தெரிஞ்ச சத்தம். அந்தப் பெட்டியோட சின்ன ஃபேன்.

கரண்டே இல்லியே… ஜெபமாலையக் கையில புடிச்சுகினே எழுந்து உள் ரூம் வாசல்ல போயி நின்னேன்.

ஜன்னல் சாத்தித்தான் இருந்துச்சு. மேச மேல என் சேலையோட ஓரம் மட்டும் ஆடிகினு இருந்துச்சு.

சேலைக்குள்ள பச்சையா ஒரு வெளிச்சம்…

ஆணியப் பாத்தேன். ஹெட்போன் இல்ல.

"யோவ்… நீயா?"

நான்தான் கேட்டேன். வாய்ல தன்னால வந்துடுச்சு.

டக்…

டக்…

டக்.

தொண்டையக் கனைக்கற சத்தம். பக்கத்துல. ரொம்ப பக்கத்துல…

எதுக்கு வேண்டிகினேனோ அது என் எதிர்லயே கீது. ஓடிப்போயி பக்கத்துல நிக்க வேண்டியவ நான். ஆனா கை தன்னால கதவப் புடிச்சு இழுத்துச்சு.

படார்னு சாத்தினேன். கொண்டியப் போட்டேன்.

வெறுங்காலோட தெருவுக்கு ஓடியாந்துட்டேன்.

எதிர் வூட்டு சொக்கம்மாள் காய வெச்ச கருவாட்ட அள்ளிகினு இருந்தா. என் மூஞ்சப் பாத்தா. நடந்ததத் திக்கித் திக்கி சொன்னேன். என் கையப் புடிச்சுகினு கூடவே வந்து, அவளே கொண்டியத் தொறந்தா.

உள்ள ஒண்ணும் இல்ல. பெட்டியோட ஒயரு சுருட்டி வெச்சபடி இருந்துச்சு, ப்ளக்குல மாட்டவே இல்ல. பெட்டிக்குள்ள டிஸ்க் இருந்த எடம் காலி. ஹெட்போன் ஆணில தொங்கிச்சு. சேல மட்டும் ஒயுங்கா மடிச்சு நாற்காலி மேல இருந்துச்சு.

சொக்கம்மாள் அந்த சேலையப் பாத்தா. "ஒம் புருஷன்தானம்மா… அதுக்கு ஏன் இப்டி நடுங்கற?"



கொஞ்ச நாள் கழிச்சு தஹ்சீன் வரச் சொல்லிச்சு. நானும் சாராவும் போனோம். அந்தப் பொண்ணு என் மூஞ்சப் பாக்காமயேதான் பேசிச்சு. உள்ள டீசல் எறங்கி எல்லாம் போச்சாம். ஒரு பாட்டு கூட மீளலியாம்.  இன்னும் ஒரு வாட்டி அவரு செத்துப் போன மாதிரி இருந்துச்சு.

ஒரே ஒரு ஃபைல் மட்டும் வந்துச்சு, அதுல ஒரு கொழப்பம் கீதுன்னு சொல்லிச்சு. பதிவான தேதி, அந்த வெள்ளிக்கிழம. நேரம், அஞ்சு அம்பது.

"ஆன்ட்டி, அன்னிக்கு இந்த டிஸ்க் என் டிராயர்ல இருந்துச்சு. சுத்தின துணியக்கூட நான் பிரிக்கல."

டீசல் எறங்கினதுல தேதி தப்பா காட்டும்னு சாரா சொன்னா. தஹ்சீன் ஃபைலப் போட்டுச்சு.

ஊஊஊ…

தூரத்துல ஒரு பொம்பள கொரல். "யோவ்… நீயா?"

சாரா திரும்பி என்னப் பாத்தா.

டக்… டக்… டக். தொண்டையக் கனைக்கற சத்தம்.

படார். கொண்டி. வெறுங்காலு ஓடற சத்தம்.

முடிஞ்சுதுன்னு எழுந்துட்டேன். தஹ்சீன் என் கையப் புடிச்சு உக்கார வெச்சுச்சு. "இன்னும் கீது ஆன்ட்டி."

ரொம்ப நேரம் ஒண்ணும் இல்ல. ஃபேன் மட்டும் சுத்திகினு இருந்துச்சு.

அப்பால, மைக்குக்குக் கிட்ட வந்து… மெதுவா…

"நான் இன்னிக்கு சாத்தச் சொல்லலயே, ஐரீன்."

அவரு கொரல்தான். சாரா "அப்பா"ன்னு சொல்லி வாயப் பொத்திகினா.

அதோட ஃபைல் முடிஞ்சுபோச்சு.

மறுநாளே இக்னேஷியஸ வரவெச்சு உள் ரூம் கதவக் கழட்டச் சொன்னேன். கழட்டி, தோள் மேல வெச்சுத் தூக்கிகினு பூட்டான். அந்தத் தவக்காலம் முடிஞ்சு அடுத்ததும் வந்து போச்சு. எப்ப கரண்ட் போனாலும் நான் அந்த ரூம்ல, அவரு நாற்காலிக்குப் பக்கத்துல போயி உக்காந்துக்கறேன்.

இன்னும் வரல.