பத்துமாவில் போர்த்திய பொன்னாடை

எங்கள் ஊர் கிரிக்கெட் கிளப்பில் அப்போது மட்டைகள் இரண்டு இருந்தன. காலில் கட்டும் பேடு ஒரே ஜோடிதான். ஆடுகிற இரண்டு பேரும் ஆளுக்கொரு காலில் கட்டிக்கொள்வார்கள். ஆனால் பன்னீர்ச் சொம்பு மட்டும் சுத்த வெள்ளி. ஆட்டம் எப்படிப் போனாலும் போகட்டும், வந்தவர்களை உபசரிப்பதில் ஒரு குறை இருக்கக் கூடாது என்பது கிளப் காரியதரிசியான எங்கள் சித்தப்பாவின் கொள்கை. கிளப் விஷயத்தில் அவருக்கு வேறு கொள்கை இருந்ததாக எனக்கு நினைவில்லை.

சித்தப்பா கும்பகோணத்தில் காலேஜுக்குப் போய் இரண்டு வித்தைகளைக் கற்றுக்கொண்டு வந்தார். ஒன்று கிரிக்கெட், இன்னொன்று மேடைப் பேச்சு. பாடம் மட்டும் எப்படியோ அவரிடமிருந்து தப்பித்துக்கொண்டது. கரைவேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு மைக் முன்னால் நின்றால், எதிரே பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தாலும் "அலைகடலெனத் திரண்டிருக்கும்" என்றுதான் ஆரம்பிப்பார். பெரியப்பா பழைய கட்சி, கதர்ச் சட்டை. "மழை பெஞ்சாக்கூட இவன் வரவேற்புரை வாசிப்பான்டா" என்று என் அப்பாவிடம் அலுத்துக்கொள்வார். வீட்டில் நிலபுலம், வரவு செலவு எல்லாம் பெரியப்பா கையில். அவர் வாசலில் கனைத்தால் கொல்லையில் மாடு அசைபோடுவதை நிறுத்திவிடும்.

கிளப்பின் மைதானம் எங்கள் வயல்தான். பத்து மா அளவு, அதாவது மூன்று ஏக்கர் சொச்சம் என்பதால் அதற்குப் பெயரே பத்துமா. எங்கள் வயல் என்று சொன்னேனே, அதை அப்போது வீட்டுக்கு வெளியே சொல்லக் கூடாது. நில உச்சவரம்புச் சட்டம் வந்திருந்த சமயம். ஒரு குடும்பம் இவ்வளவுக்கு மேல் நிலம் வைத்திருக்கக் கூடாது என்று அரசாங்கம் சொன்னதும், எங்கள் பக்கத்துப் பெரிய பண்ணைகளெல்லாம் ஒரே வாரத்தில் சின்னப் பண்ணைகளாகிவிட்டன. அத்தை பேரில் கொஞ்சம், அத்தை பிள்ளை பேரில் கொஞ்சம், சமையல்காரர் பேரில் கொஞ்சம். பக்கத்து ஊரில் ஒருவர் பசுமாட்டின் பேருக்கே எழுதிவிட்டார் என்றுகூடப் பேச்சு. பத்துமா எங்கள் பண்ணையாள் வீரையன் பேருக்குப் போயிற்று. "பேருதான் உன்னுது, தெரியுதா?" என்று பெரியப்பா கேட்டாராம். "தெரியுதுங்கய்யா" என்றாராம் வீரையன்.

எங்கள் வீட்டில் பால் குடிக்கிற பிள்ளைகூட வீரையனை "வாடா, போடா" என்றுதான் கூப்பிடும். அவருக்குக் குந்தி இருக்கக் குடிசை உண்டு, அதுவும் பெரியப்பா இடத்தில்தான். அவர் மனைவி அஞ்சலை, நடவுக்கு எங்கள் வட்டாரத்திலேயே கை வேகமான ஆள். செங்கொடிச் சங்கக் கூட்டத்துக்கெல்லாம் போய்வருகிறவர் என்று வீட்டில் அவர்மேல் ஒரு கண் இருந்தது.

இப்போது ஒரு சிக்கல். வீரையனைப் பத்துமாவில் ஏர் ஓட்டவிட்டால் நாளைக்கு அவர் உரிமை கேட்பார். நாங்களே ஓட்டினால் அதிகாரி வந்து கேட்பார். பெரியப்பா ஒரு மாதம் யோசித்து, கிரிக்கெட் ஆடட்டும் என்று முடிவு செய்தார். காவிரித் தண்ணீர் பாயும் பொன்னான நஞ்சையை விளையாட்டுக்காகக் காயப்போட்ட ஒரே குடும்பம் நாங்களாகத்தான் இருப்போம். வரப்பைத் தாண்டினால் நாலு ரன், வாய்க்காலில் விழுந்தால் ஆறு. அஞ்சலை அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நின்று பார்ப்பார். "ரெண்டு போகம் வெளையிற மண்ணுங்க பாப்பா. இதப் பாத்தா எனக்குக் கையி அரிக்குது" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். அரிப்பு என்றால் வேப்பெண்ணெய் தடவச் சொன்னேன்.

அந்தப் பங்குனியில் கும்பகோணத்து டவுன் கிளப்பை ஆட்டத்துக்கு அழைத்தார் சித்தப்பா. சிறப்பு விருந்தினராகப் புதுத் தாசில்தாரைக் கூப்பிடலாம் என்று யோசனை சொன்னது மட்டும் பெரியப்பா. எங்கள் வீட்டுக் கணக்குப்படி அது ரொம்பப் புத்திசாலித்தனம். "நம்ம வீட்டு எலையில கைய நனைச்சவன் நாளைக்கு நெலத்த அளக்க வந்தா, சங்கிலிய கொஞ்சம் தளத்திப் புடிப்பான்" என்றார். சித்தப்பாவுக்கு இது போதாதா? கல்யாணமே நடத்திவிட்டார். வாழைமரம், தோரணம், பந்தல், நாகஸ்வரம், தென்னை மரத்துக்கு ஒன்றாக நாலு குழாய் ஒலிபெருக்கி. பெரியம்மா தன் பங்குக்கு, மண் மூளியாகக் கிடக்கிறதே என்று இரண்டு விக்கெட்டுக்கும் நடுவில் மாக்கோலம் போட்டு வைத்துவிட்டார். கும்பகோணத்து கேப்டன் அதைப் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்.

பன்னீர் தெளிக்கும் வேலை என்னுடையது. பத்து வயதுக்கு அது பெரிய பதவி. வெள்ளைப் பேண்ட் போட்டு வரிசையாக வந்தவர்கள்மேல் நான் தெளித்த தெளிப்பில் அம்பயர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று. எல்லார் கையிலும் சித்தப்பா சந்தனத்தை அப்பினார். அந்தக் கையோடு பந்தைப் பிடித்தால் என்ன ஆகும்? எங்கள் ஊர் பந்துவீச்சாளர் போட்ட முதல் பந்து விக்கெட் பக்கமே போகாமல் நாகஸ்வரக்காரர் மடியில் போய் விழுந்தது.

அடுத்த பந்தில் கும்பகோணத்து ஆட்டக்காரர் அவுட். மேளக்காரர்களுக்குக் கிரிக்கெட் தெரியாது, கூட்டம் ஆர்ப்பரித்தால் கெட்டிமேளம் கொட்ட வேண்டும் என்பது தெரியும். கொட்டிவிட்டார்கள். அந்த மனிதர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவதைப் பார்த்ததும் சித்தப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. இளநீரோடு ஓடினார். "நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க. வந்த எடத்துல ஒரு பந்துல போறதாவது! போய் இன்னொரு வாட்டி ஆடுங்க" என்று கையைப் பிடித்துத் திரும்பக் கொண்டுபோய் நிறுத்தினார். எங்கள் கேப்டன் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். இப்படி மூன்று பேர் மறுபடி ஆடினார்கள். அந்தக் கணக்கை எழுதிக்கொண்டிருந்தவர் பாதியில் எழுந்து சாப்பிடப் போய்விட்டார்.

தாசில்தார் ஜீப் வெயில் உச்சிக்கு வந்தபிறகுதான் வந்தது. சின்ன வயது, சிரித்த முகம். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே பந்தலில் வரவேற்புரை தொடங்கிவிட்டது. "காவிரித் தாய் சீராட்டும் இக்கழனிதனில், கனிவோடு களம் தந்த எங்கள் அருமை..." என்று சித்தப்பா அண்ணன் பேரைச் சொல்லப் போனார். பெரியப்பா ஒரு கனைப்புக் கனைத்தார் பாருங்கள், மைக்கே கிறீச்சிட்டது. சித்தப்பா வாயை மூடிக்கொண்டார். தாசில்தார் மட்டும் விடவில்லை. "அருமையான கிரவுண்டுங்க. யாரோட நிலம் இது?" என்று பெரியப்பா பக்கம் திரும்பினார்.

"இதுங்களா? வீரையன்னு... நம்ம ஊர்க்காரரு. அவரு நெலம்."

வீரையனைப் பெரியப்பா 'அவரு' என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அப்படியா! பெரிய மனசுங்க. எனக்கெதுக்குப் பொன்னாடை? அவரைக் கூப்பிடுங்க, மொத மரியாதை அவருக்குத்தான்" என்றார் தாசில்தார்.

அந்த நேரத்தில் பெருநிலக்கிழார் வீரையன் கோவணத்தோடு வாய்க்காலில் இறங்கிப் பந்து தேடிக்கொண்டிருந்தார். பந்து பொறுக்குவதுதான் அன்றைக்கு அவருக்கு இட்ட வேலை. நாலு குழாயிலும் "பத்துமாவின் உரிமையாளர், உயர்திரு வீரையன் அவர்களை மேடைக்கு அழைக்கிறேன்" என்று சித்தப்பா முழங்கியதும் அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். வேறு வீரையன் யாரும் இல்லை. பெரியப்பா கையை ஆட்டிக் கூப்பிடுவதும் தெரிந்தது. பந்தைத் தொலைத்ததற்கு அடிக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தவர், கையில் கிடைத்த பந்தோடு எடுத்தார் ஓட்டம். நாலு பேர் துரத்தினார்கள். பந்து திரும்பி வராததால் கும்பகோணத்துக்காரர்கள் இருவரும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிக்கொண்டே இருந்தார்கள். வாய்க்காலில் விழுந்ததற்கு ஆறு ரன் மட்டுமா, ஓடியதையும் சேர்ப்பதா என்று அம்பயர்களுக்குள் சண்டை வந்துவிட்டது.

ஒருவழியாகப் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மேடையில் ஏறமாட்டேன் என்று வீரையன் கீழேயே நின்றார். பெரியப்பாதான் இறங்கிப் போய்ப் பொன்னாடையைப் போர்த்தினார். பண்ணையார் எதிரே தோளில் துண்டு கிடக்கக் கூடாது என்பது வீரையனுக்கு எலும்பிலேயே ஊறிய பழக்கம். சட்டென்று பொன்னாடையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். பெரியப்பா அவிழ்த்து மறுபடி தோளில் போட்டார். மறுபடி இடுப்புக்குப் போயிற்று. கூட்டம் சிரித்தது, நானும் சிரித்தேன். தாசில்தார் சிரிக்கவில்லை. மைக்கை வாங்கி, "ஐயா, நிலம் உங்களுதுதானே? பயப்படாம சொல்லுங்க" என்றார்.

வீரையன் பெரியப்பா முகத்தையே பார்த்தார். வாயைத் திறந்தால் அந்த மனிதர் உண்மையைச் சொல்லிவிடுவார் என்று பெரியப்பாவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். மைக்கைப் பிடுங்காத குறையாக இழுத்து, "அவருதுதாங்க! நான் சொல்றேன். பத்துமா வீரையனுக்குத்தான் சொந்தம்!" என்றார். ஒலிபெருக்கிகள் அதை ஆற்றுக்கு அக்கரை வரைக்கும் கொண்டுபோயின.

தாசில்தார் ஒரு பிடி பிடித்துச் சாப்பிட்டார். ஜீப்பில் ஏறும்போது, "நல்ல நஞ்சை, சும்மா போடக் கூடாது. பட்டாதாரரே சாகுபடி பண்ணட்டும். குறுவைக்கு நானே வந்து பாக்குறேன்" என்று பெரியப்பாவின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். பெரியப்பா இலையில் உட்காரவே இல்லை. ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்பது யாருக்கும் தெரியவில்லை. கும்பகோணத்துக்காரர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு பந்தலிலேயே படுத்துத் தூங்கினார்கள்.

சாயங்காலம் கடைசிப் பந்தி, பண்ணை ஆள்காரர்களுக்கு. பந்தலுக்கு வெளியே தரையில் அவர்கள் தெருவே உட்கார்ந்திருந்தது. நான் மிச்சப் பன்னீரை எனக்கே தெளித்துக்கொண்டு நின்றேன். அஞ்சலை வந்தார்.

"பாப்பா, ஐயா மைக்குல என்னமோ சொன்னாங்களே, என்னங்க அது?"

"பத்துமா வீரையனுக்குச் சொந்தமாம்."

"என்னங்க? காதுல விழலீங்களே."

கொஞ்சம் கத்திச் சொன்னேன். அஞ்சலை காதருகே கையை வைத்துக்கொண்டு, "ஆங்?" என்றார். தொண்டை கிழியக் கத்தினேன். ம்ஹும். "அந்தக் கொழாயில சொல்லுங்க பாப்பா. அப்பத்தான் எனக்கு வெளங்கும்" என்றார். மைக் செட்டுக்காரர் ஒயரைச் சுருட்டப் போனவர், பெரிய வீட்டுப் பிள்ளை என்று எனக்கு விட்டுக்கொடுத்தார். காலையிலிருந்து அந்த மைக்குக்காக ஏங்கிக்கிடந்தவள் நான். "பத்துமா வீரையனுக்குச் சொந்தம்! எங்க பெரியப்பாவே சொன்னாங்க!" என்று முழங்கினேன். பந்தியில் இருந்தவர்கள் எல்லாரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அஞ்சலை என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். அவர் கண் ஏன் கலங்கியிருந்தது என்று கேட்கத் தோன்றவில்லை.

அடுத்த வாரம் கோடை மழை ஒன்று பெய்தது. மறுநாள் விடிந்தபோது பத்துமாவில் ஏர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ஏர் இல்லை, அந்தத் தெருக்காரர்கள் எங்கெங்கோ இரவல் வாங்கி நாலு ஏர் பூட்டியிருந்தார்கள். ஸ்டம்பு நட்ட இடமெல்லாம் புரண்டுகிடந்தது. சித்தப்பா வரப்பில் நின்று மூக்கை உறிஞ்சினார். பெரியப்பா விறுவிறுவென்று வந்தார், பின்னால் அப்பா, அவர் பின்னால் நான்.

"யாரக் கேட்டுடா பூட்டுன?" என்றார் பெரியப்பா.

வீரையன் தலையைக் குனிந்தார். அஞ்சலைதான் முன்னால் வந்தார். "ஐயா சொன்னதுதானுங்களே. எனக்கு அன்னிக்குச் சரியா காதுல விழல. நம்ம பாப்பாதான் கொழாயில எடுத்துச் சொல்லுச்சு. எங்க தெருவே கேட்டுச்சுங்க" என்று கும்பிட்டார்.

பெரியப்பா திரும்பி என்னைப் பார்த்தார். "ஆமா பெரியப்பா. பாவம், அவங்களுக்குக் காது மந்தம். அதான் சத்தமாச் சொன்னேன்" என்றேன்.

அஞ்சலை வயலின் மறுகோடிக்குப் போகும்வரை பெரியப்பா காத்திருந்து, அப்பாவின் காதோடு காதாக, "தனியாக் கூப்புட்டு ரெண்டு மூட்ட நெல்லு தர்றேன்னு பேசிப் பாப்பமா?" என்றார். பக்கத்தில் நின்ற எனக்கே அது பாதிதான் கேட்டது.

"நெல்லெல்லாம் வேணாங்கய்யா! இனிமே எங்களுக்கே வெளையும்!" என்று அந்தக் கோடியிலிருந்து அஞ்சலை குரல் கொடுத்தார்.

எனக்கு ஒரே சந்தோஷம். "பெரியப்பா! அவங்களுக்குக் காது நல்லா ஆயிடுச்சு!" என்று கைதட்டிக் குதித்தேன். பெரியப்பா அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். வெயில் தாளவில்லை போலிருக்கிறது என்று, அவருக்கு மோர் வாங்கிவர நான் வீட்டுக்கு ஓடினேன்.