ராத்தா ஏறி நின்ற குழாய்

என் கணவர் கட்டாருக்குப் போனதிலிருந்து வானை ஓட்டுவது நான்தான். கண்டக்குழிப் பிள்ளைகளைக் கற்பிட்டிப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்குவேன். போன தவணை முடியும்போது இடப்பக்க முன்சில்லு ஊளையிடத் தொடங்கியது. சக்கரத்துக்குள் சுழலும் பெயரிங் போய்விட்டது என்று சத்தத்திலேயே விளங்கியது. ஊர்க் கராஜில் நட்டுக் கழற்றும் காற்று மெசின் பழுதாகிக் கிடந்தது. புத்தளத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அந்தச் சில்லோடு அவ்வளவு தூரம் ஓட எனக்குத் துணிவு வரவில்லை. நாங்களே கழற்றி, பெயரிங் இருக்கும் பாகத்தை மட்டும் பஸ்ஸில் கொண்டுபோகலாம் என்று ராத்தா சொன்னாள். ராத்தா என் மூத்த சகோதரி. பக்கத்து வளவில் இருக்கிறாள்.

சில்லைக் கழற்றுவது லேசாக இருந்தது. நடுவில் இருந்த ஆக்சில் நட்டுத்தான் அசையவில்லை. கடற்காற்றில் அது ஆக்சிலோடு சேர்ந்து கறள் பிடித்திருந்தது. நட்டு கழலாமலிருக்க மடித்து அடித்திருந்த அதன் விளிம்பை உளியால் நிமிர்த்தினேன். மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தேன். நட்டில் மாட்டித் திருப்பக் கடையில் வாங்கிய சொக்கட்டைப் போட்டு மிதித்ததும் அது இரண்டாகப் பிளந்தது.

படகு எஞ்சின் வேலை செய்யும் வெல்டிங் பட்டறை நானாவிடம் போய்ச் சொன்னேன். தடித்த சொக்கட் ஒன்றை நீண்ட இரும்புத் தண்டின் நுனியில் ஒட்டவைத்துத் தந்தார். நட்டோடு சேர்ந்து சில்லு பூட்டும் ஹப்பும் சுழலாமலிருக்க, பட்டை இரும்பொன்றில் இரண்டு துளை போட்டார்.

"இத சில்லு பூட்டுற போல்ட்டுல மாட்டுங்க. மற்ற நுனி நிலத்துல முட்டி நிக்கும். பிறகு மிதிங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை கணவருக்கு லீவு. போனில் வீடியோவில் வந்தார். வான் சரியாமல் இருக்கத் தென்னங்குற்றிகளை அடுக்கி, தண்டின் மேல் பழைய குழாய்க்கிணற்றுக் குழாயை நீளத்துக்குச் செருகியிருந்தோம்.

"இடப்பக்கத்து மரை மற்றப் பக்கம் சுத்தும். வலப்பக்கமாத் திருப்புங்க" என்றார் அவர்.

ராத்தா குழாயின் நுனியில் ஏறி நின்றாள். அவளுடைய பாரத்துக்கு நட்டு கிறீச்சிட்டு அசைந்தது. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. ஆனால் குனிந்து பார்த்தபோது நட்டுக்கு வெளியே தெரிந்த மரை முன்னிலும் கூடியிருந்தது. நட்டு உள்ளே போயிருந்தது.

"ராத்தா, இறங்குங்க. நாங்க இறுக்கிக்கிட்டு நிக்கிறோம்."

ராத்தா போனைப் பறித்தாள்.

"மச்சான், நீங்க சொன்னது பிழை. அந்தப் பக்கம் சுத்தினா இறுகுது."

"இல்ல மதினி, எனக்குத் தெரியும். எத்தன வான் பார்த்திருக்கன்."

"இந்த வானுக்கு முன்னால நிக்கிறது நாங்க."

பட்டை இரும்பை மறுபக்கமாக முட்டுக்கொடுத்து, குழாயையும் மாற்றிப் போட்டோம். இந்தத் தடவை ராத்தாவும் நானும் தோளைப் பிடித்துக்கொண்டு சேர்ந்தே ஏறினோம். வெடி வெடித்தாற்போலச் சத்தம் வந்தது. இரண்டு பேரும் மண்ணில் கிடந்தோம். எங்கேயோ அடிபட்டுவிட்டது என்று பயந்து பார்த்தால் ராத்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். அதன் பிறகு நட்டு கையாலேயே சுழன்று வந்தது.

போன் குற்றியில் சாய்ந்தபடி இருந்தது. நட்டை அதற்கு முன்னால் பிடித்துக் காட்டினேன்.

"கழன்டிட்டுதா?" என்றார்.

"ஓம்."

"அப்ப நான் இல்லாமலே எல்லாம் நடக்குது" என்றார். பகிடியாகச் சொல்லத்தான் பார்த்தார். ஆனால் முகத்தைக் கமராவிலிருந்து திருப்பிக்கொண்டார். ராத்தா எழும்பித் தண்ணீர் குடிக்கிற சாட்டில் வீட்டுக்குள் போனாள்.

நடக்கிறதுதான், அது பொய்யில்லை. "நடக்குது. ஆனா நீங்க இருந்தா நான் விழுந்திருக்க மாட்டன்" என்றேன்.

"பிழையான பக்கம் சுத்தி மூணு பேருமா விழுந்திருப்பம்" என்றார். அப்போதுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது.

மறுநாள் கழற்றிய பாகத்தைச் சாக்கில் சுற்றிப் பஸ்ஸில் புத்தளத்துக்குக் கொண்டுபோனேன். புதுப் பெயரிங்கை அழுத்திப் போட்டுத் தந்தார்கள். பூட்டும்போது அவரைப் போனில் எடுத்து, எவ்வளவு இறுக்க வேண்டும் என்று கேட்டேன். அது அவருக்குச் சரியாகவே தெரிந்திருந்தது.